மும்பைச் சந்தையில் மிளகாய் வற்றல்

தமிழ்நாட்டை விட்டு வந்து இம்மாநகரில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றவர்கள் திரும்பி வரும்போது, ரயில் பெட்டியின் இருக்கைக்கு அடியில், பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டிய ஒரு பெரிய தகர டப்பாவும் உடன் வந்து சேரும். அவ்வாண்டு முழுவதற்கும் வேண்டிய மிளகாய்ப் பொடியோ, குழம்புப் பொடியோ அதில் இருக்கும். அரைத்தவர் தாயாராகவோ மாமியாராகவோ இருப்பார். எந்த வற்றல், எத்தனை பங்கு மல்லி, எத்தனை நாள் வெயில் என்பதெல்லாம் அவருடைய கைக்கும் கண்ணுக்கும் மட்டுமே தெரிந்த செய்திகள். டப்பாவைத் திறந்து கரண்டியால் எடுத்துப் போடுகிறவர்களுக்கு அவற்றைப் பற்றி எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை இருந்ததில்லை.

அந்த டப்பா ஒரு நாள் நின்று விடுகிறது. அரைத்தவருக்கு வயதாகி விடுகிறது. வற்றலைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முழங்கால் இடம் தருவதில்லை. சில வீடுகளில் அவர் மறைந்தே போகிறார். ஊர் வீடும் பூட்டப்பட்டு விடுகிறது. அதன் பின்னர் இங்குள்ள இல்லத்தரசி அருகிலிருக்கும் கடையில் பொட்டலப் பொடியை வாங்கத் தொடங்குகிறார். குழம்பின் நிறம் மாறுகிறது, மணம் மாறுகிறது. பெரியவர்கள் ஒன்றும் சொல்லாமல் உண்டு எழுந்து விடுகிறார்கள். இங்கேயே பிறந்து வளரும் குழந்தைகளுக்கோ, பொட்டலத்தின் சுவையே தங்கள் வீட்டின் சுவை என்று மனத்தில் பதிந்து போகிறது. குழந்தைகள் தமிழ் படிக்கவில்லையே என்று நாம் கூட்டந்தோறும் கவலைப்படுகிறோம். அடுக்களையில் நேரும் இந்த இழப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர்களைக் கண்டதில்லை.

“இந்த ஊரில் நல்ல வற்றல் எங்கே கிடைக்கிறது?” என்பது நம் சகோதரிகள் பலரும் சொல்லும் குறை. அக்குறையில் உண்மை இல்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. மிளகாயைப் பொறுத்தவரை மும்பை வாழ்வோர் பேறு பெற்றவர்கள். கர்நாடகத்தின் பியாடகியும், ஆந்திரத்தின் குண்டூரும், தெலங்கானத்தின் கம்மமும், குஜராத்தும், இம்மாநிலத்துக் கொல்லாப்பூர்ப் பகுதியும் தத்தம் வற்றலை இங்கே கொண்டு வந்து குவிக்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு சிற்றூரில் இருப்பவர்க்கு இத்தனை வகைகளை ஒரே தெருவில் பார்க்கும் வாய்ப்புக் கிடையாது. நாம் கேட்கும் முறையிலும், கேட்கும் காலத்திலுந்தான் கோளாறு இருக்கிறது. நம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்கிறோம். கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுக்கிறார். அடைமழையின் நடுவே சென்று புது வற்றல் வேண்டும் என்கிறோம்; அவரும் மறுக்காமல் தருகிறார்!

வற்றலுக்கும் வயது உண்டு

நெல்லுக்கும் புளிக்கும் பருவம் உண்டு என்பதை அறிந்த நாம், வற்றலுக்கும் பருவம் உண்டு என்பதை நகர வாழ்க்கையில் மறந்து விட்டோம். தென்னிந்தியாவில் பயிராகும் மிளகாயின் பெரும்பகுதி தை மாதத்திலிருந்து பழுக்கத் தொடங்குகிறது. செடியில் பழுத்த காயில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஈரம். அதைக் களத்தில் பரப்பி, நாள்தோறும் கிளறி, இரவுப் பனியில் மூடி, இரண்டு வாரம் போல உலர்த்தினால் ஈரம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். அதன் பின்னரே மூட்டை கட்டுவார்கள். மாசி, பங்குனி, சித்திரை ஆகிய மூன்று மாதங்களும் சந்தைகளில் புது வரவு மிகுந்திருக்கும் காலம். இராமநாதபுரத்தில் ஐப்பசி மழையை நம்பி வானம் பார்த்த பூமியில் விளையும் குண்டு வற்றலும் இதே மாதங்களில்தான் களத்துக்கு வருகிறது.

அந்த மூன்று மாதத்தில் விற்றது போக எஞ்சிய சரக்கு குளிர்பதனக் கிடங்குகளுக்குப் போகிறது. குண்டூரைச் சுற்றி இத்தகைய கிடங்குகள் ஏராளமாக உள்ளன. அங்கிருந்து வரும் வற்றலை வியாபாரிகள் ‘ஏ.ஸி. சரக்கு’ என்பார்கள். அது கெட்ட சரக்கு என்று சொல்ல மாட்டோம். குளிரிலும் இருளிலும் இருப்பதால் நிறம் நன்றாகவே நிற்கிறது. ஆனால் கிடங்கை விட்டு வெளியே வந்ததும் காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து வேர்க்கும். அந்த வேர்வையோடு மூட்டைக்குள் கிடந்தால் துவண்டு, உள்ளே பூசணம் பிடிக்கும். மும்பையின் மழைக்காலக் காற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! துணிமணியே காயாத மாதங்களில் திறந்த சாக்கில் கிடக்கும் வற்றல் எந்நிலையில் இருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

ஆகவே முதல் விதி, ஆண்டுக்கு வேண்டிய வற்றலைப் பங்குனிக்கும் சித்திரைக்கும் இடையில் வாங்கி விடுவது. மராத்தியப் பெண்கள் இதைத் தவறாமல் செய்கிறார்கள். ஜூன் மாதத் தொடக்கத்தில் மழை இறங்குவதற்கு முன் அவர்கள் வீட்டு மசாலா இடித்து, பரணியில் நிரம்பி, வாய் கட்டப்பட்டிருக்கும்.

லால்பாக் மிளகாய்ச் சந்து

அவர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்பதைப் பார்க்க விரும்புவோர் கோடையில் ஒரு நாள் லால்பாக் சென்று வரலாம். ஒரு காலத்தில் அப்பகுதி பருத்தி ஆலைத் தொழிலாளர் நிறைந்த பகுதி. கொங்கணக் கடற்கரையிலிருந்தும், மலைக்கு அப்பாலுள்ள நாட்டிலிருந்தும் ஆலை வேலைக்கு வந்தவர்கள் அங்கே சால்களில் குடியிருந்தார்கள். 1982 ஜனவரியில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆலை நிலங்களில் இன்று வானளாவிய மாளிகைகள் நிற்கின்றன. ஆனால் அத்தொழிலாளர் குடும்பங்களுக்கு மிளகாயும் மசாலாவும் விற்ற சந்து இன்னும் இருக்கிறது. புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தவர்களின் மகள்களும் மருமகள்களும் அதை நாடி வருகிறார்கள்.

மூக்கில் கைக்குட்டையோடு நுழைய வேண்டிய இடம் அது. இருமருங்கும் சாக்கு வாய்கள் மடித்து விடப்பட்டுச் செக்கச் செவேலென்று குவியல்கள். கடை ஓரங்களில் பெண்கள் அமர்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருப்பார்கள். வாங்க வந்த அம்மையார் ஒரு குவியலின் முன் நின்றால் எளிதில் நகர மாட்டார். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து எடுப்பார், ஒன்றை ஒடிப்பார், முகர்வார், அடுத்த கடைக்குப் போவார், மீண்டும் வருவார். கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை. ஓர் ஆண்டுக்கான பண்டத்தை வாங்க வந்தவர் அப்படித்தான் பார்ப்பார் என்பது அவருக்குத் தெரியும். வாங்கிய வற்றலையும், வறுத்த மல்லி முதலிய பண்டங்களையும் அருகிலேயே ‘டங்க்’ என்னும் இடிப்பு எந்திரத்தில் கொடுத்து இடித்துக்கொள்ளலாம். இரும்பு உலக்கைகள் மேலும் கீழுமாக எழுந்து விழும் எந்திரம் அது. நம் உரலையும் உலக்கையையும் மின்சாரத்தில் ஓட விட்டதுபோல இருக்கும். அரைக்கும் மில்லைவிட இதில் பொடி சூடேறுவது குறைவு. ஆகையால் மணம் தங்கும் என்பது அப்பெண்களின் தேர்ந்த கருத்து. நாமும் அதை ஒப்புக்கொள்கிறோம்.

அங்கே உதவக்கூடிய மராத்திச் சொற்கள் சில. ‘நவி’ என்றால் புதியது. ‘ஜுனி’ என்றால் பழையது. ‘திகட்’ என்றால் காரம். ‘தேட்’ என்றால் காம்பு. காம்பு கிள்ளும் மூதாட்டியை ‘மாவ்ஷி’ என்று, அதாவது சிற்றன்னையே என்று, அழைத்து எது நவி, எது ஜுனி எனக் கேட்டால், கடை முதலாளி சொல்லாததையும் அவர் சொல்லக் கூடும்.

பெயர்களும் உறவுகளும்

நம் நாட்டில் வற்றல் பெரும்பாலும் இரண்டே குலம்: நீளமான சம்பா, உருண்டையான குண்டு. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துச் சம்பா குழம்புப் பொடிக்கும், இராமநாதபுரத்துக் குண்டு தாளிப்புக்கும் துவையலுக்கும் என்று வீட்டில் பிரித்து வைத்திருப்போம். இராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இங்கே பெயர்கள் வேறு. அவற்றில் நம்முடையவற்றுக்கு எது நெருங்கிய உறவு என்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பியாடகி என்பது கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டத்தில் உள்ள ஊர். இங்கே கடைகளில் ‘பேட்கி’ என்பார்கள். தோல் சுருக்கம் சுருக்கமாக, ஆழ்ந்த சிவப்பாக இருக்கும். காரம் குறைவு, நிறம் மிகுதி. சாயப் பொருளாக வடித்தெடுத்து உதட்டுச் சாயத்திலும் சேர்க்கும் அளவுக்கு நிறம் உடையது. அதிலும் இரு வகை: குட்டையாகப் பருத்தது டப்பி, நீண்டு மெலிந்தது கட்டி. இந்தக் ‘கட்டி’ கன்னடச் சொல். குச்சி என்று பொருள். 2011-இல் புவிசார் குறியீடு பெற்ற வற்றல் இது. மாதுங்காவின் உடுப்பி உணவகங்களில் சாம்பார் கண்ணுக்குச் சிவப்பாகவும் நாவுக்கு மென்மையாகவும் இருப்பதைக் கண்டு வியக்கிறோம் அல்லவா? உடுப்பிச் சமையலின் வற்றல் பியாடகிதான்.

சங்கேஸ்வரி நீண்டு மெலிந்தது, நடுத்தரக் காரம். கொல்லாப்பூரை அடுத்துக் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் சங்கேஸ்வரின் பெயரைத் தாங்கியது. நம் சம்பாவுக்கு இங்கே உறவு தேட வேண்டுமானால் முதலில் இதைத்தான் காட்டுவோம். அடுத்தது குண்டூர் சன்னம். சன்னம் என்றால் தெலுங்கில் மெல்லியது. நல்ல சிவப்பு, நல்ல காரம். தமிழ்நாட்டிலேயே இன்று பல கடைகளில் சம்பா என்று நிறுத்துக் கொடுப்பது குண்டூர் வற்றல்தான் என்பதை இங்கே சொல்லி வைப்போம். தேஜா என்பது அதனினும் மெலிந்தது, கடுங்காரம். சிறு விரல் நுனிபோல் இருக்கும் லவங்கியைப் பற்றி எச்சரிக்கை மட்டும் செய்கிறோம். குஜராத்திலிருந்து வரும் ரேஷம்பட்டி அகலமானது, காரம் நடுத்தரம், ஊறுகாய்க்கு ஏற்றது.

‘காஷ்மீரி’ என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். காஷ்மீரத்தில் விளையும் வற்றல் அளவில் சிறிது. நாட்டின் எல்லாக் கடைகளிலும் அப்பெயரில் விற்கப்படும் மலைமலையான சரக்கு அங்கிருந்து வந்திருக்க இயலாது. அதில் பெரும்பகுதி கர்நாடகத்தில் விளையும் சுருக்கத்தோல் வற்றலே. பெயருக்காக அதிக விலை கொடுப்பதைவிட நல்ல பியாடகியையே கேட்டு வாங்கலாம்.

குண்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதன் தடித்த தோல் எண்ணெயில் உப்பி வெடித்து வரும் மணம் வேறெதிலும் இல்லை. மாதுங்காவிலும் தாராவியிலும் நம்மவர் கடைகளில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தாளிப்புக்கு ஆண்டுக்கு அரைக் கிலோ இருந்தால் ஒரு சிறு குடும்பத்துக்குத் தாராளம். விலையைப் பார்த்துத் தயங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை.

இத்தனை வகைகளையும் பார்க்கும்போது ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. இவற்றில் எதுவுமே ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய இச்செடியைப் போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் இம்மேற்குக் கரையில் கொண்டு வந்து இறக்கினர். மிளகின் காரத்தை அறிந்திருந்த நம் முன்னோர் ‘மிளகுக் காய்’ என்று பெயரிட்டு வீட்டுக்குள் அழைத்துக் கொண்டனர். வற்றலிலும் ‘நம் ஊர்’, ‘அயலூர்’ என்று நாம் பாராட்டும் வேற்றுமை அத்தனை பழையது அன்று.

வற்றலைப் படிக்கும் முறை

பெயர் எதுவாயினும் கையில் எடுத்த வற்றலே தன் வரலாற்றைச் சொல்லி விடும். அதைப் படிக்கக் கற்றுக் கொண்டவரை எந்தக் கடையிலும் ஏமாற்ற முடியாது.

முதலில் குவியலின் மேல் இருப்பதைப் பார்த்து முடிவு செய்யலாகாது. மேலே இருப்பது காட்சிக்கு. கையை உள்ளே விட்டு நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒரு பிடி எடுக்க வேண்டும். நன்கு உலர்ந்த வற்றல் மூட்டை கட்டும்போது நொறுங்கும் என்று கட்டுவதற்கு முன் நீர் தெளிப்பதுண்டு. அளவோடு தெளித்தால் தீங்கில்லை. எடையைக் கூட்ட வேண்டுமென்று தெளித்திருந்தால் அடிச்சரக்கு கையில் குளிர்ந்து, ஒட்டிக்கொண்டு வரும். அந்த மூட்டையை விட்டு விலகி விட வேண்டியதுதான்.

எடுத்த பிடியைக் காதருகே குலுக்குங்கள். காய்ந்த வற்றலில் விதை கலகலக்கும். குண்டாக இருந்தால் குழந்தையின் கிலுகிலுப்பை போலவே ஒலிக்கும். ஊமையாக இருந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். பின் ஒன்றை எடுத்து வளையுங்கள். சற்று வளைந்து கொடுத்துப் பின் ஒடிவது நல்ல பதம். தோலைப் போல் மடிந்து மடிந்து ஒடியாமலே இருப்பது ஈரச் சரக்கு. தொட்டவுடன் தூளாவது பெரும்பாலும் சென்ற ஆண்டுச் சரக்கு. சுருக்கத்தோல் பியாடகி இயல்பாகவே சற்று மிருதுவானது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

காம்பைப் பாருங்கள். புது வற்றலின் காம்பு வைக்கோல் நிறத்தில், சிலவற்றில் இளம்பச்சைச் சாயலோடு, உறுதியாகப் பற்றியிருக்கும். கறுத்து, தொட்டால் உதிரும் காம்பு முதுமையின் அடையாளம். காம்பு கிள்ளிய வற்றலை வேலை மிச்சம் என்று வாங்குவோர் உண்டு. உடனே இடிப்பதானால் சரி. வைத்திருந்து பயன்படுத்துவதானால் காம்போடு வாங்குவதே நலம். காம்பு போன வழியாகத்தான் காற்றும் வண்டும் உள்ளே போகின்றன.

வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நல்ல வற்றலின் தோல் கண்ணாடி போல் ஒளியை விடும்; உள்ளே விதைகளின் நிழல் தெரியும். அங்கங்கே வெளுத்த திட்டுகள் இருந்தால் பழம் செடியிலேயே நோயுற்றிருக்கலாம். அல்லது உலரும்போது பனியிலோ மழையிலோ நனைந்திருக்கலாம். இந்தச் சோடை வற்றலில் நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரு பிடியில் ஒன்றிரண்டு இருப்பது இயல்பு. ஐந்தாறு இருந்தால் அது பொறுக்காத சரக்கு.

பிறகு இரண்டு வற்றலைப் பிளந்து பார்க்க வேண்டும். இதைச் செய்யக் கூசவே கூடாது. விதை வெளிர் பொன்னிறமாக இருக்க வேண்டும். விதை பழுத்துக் கறுத்திருந்தாலோ, உள்தோலில் சாம்பல் நிறத்தில் நூலாம்படை போன்ற படலம் இருந்தாலோ அது பூசணம். இந்த ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஈர வற்றலில் வளரும் ஒருவகைப் பூசணம் ‘அஃப்ளடாக்ஸின்’ என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. ஈரலைக் கெடுக்கும் அந்நஞ்சு வெயிலில் காய வைத்தாலும், வாணலியில் வறுத்தாலும் முற்றிலும் போய்விடுவதில்லை. ‘சற்றே பூத்திருக்கிறது, துடைத்து வெயிலில் போட்டால் சரியாகி விடும்’ என்பது நம் பாட்டிமார் காலத்திலிருந்து வரும் சமாதானம். அதைக் கைவிட வேண்டும்.

இறுதியாக மூக்கு. புது வற்றலில் நெடிக்கு முன்னால் ஓர் இனிய மணம் வரும்; உலர்ந்த பழத்தை முகர்ந்ததுபோல் இருக்கும். நெடி பின்னால் வந்து தொண்டையைக் கமறச் செய்யும். பழைய வற்றலில் நெடி இருக்கும், அந்த மணம் இராது. புழுதி நாற்றமோ சாக்கு நாற்றமோ முன்னால் வந்தால் மேலும் ஆராய வேண்டியதில்லை. சாக்கின் அடியில் நுண்ணிய தூளும், வற்றலில் குண்டூசித் துளைகளும் இருந்தால் வண்டு குடியேறி விட்டது.

காரத்தை அறிய ஒரு சொல். விதையில்தான் காரம் என்று பலரும் எண்ணுகிறார்கள். விதைகளைத் தாங்கி நிற்கும் வெளிறிய உட்தசையிலேதான் காரச்சத்து ஊறுகிறது; விதை அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் காரம் ஏறுகிறது. நிறமோ தோலைச் சேர்ந்தது. எனவே மிகச் சிவந்தது மிகக் காரமானது என்று கருதுவது தவறு. மெலிந்த, வழவழப்பான தோலுடையவை காரத்திலும், சுருங்கிய தோலுடையவை நிறத்திலும் மேம்பட்டிருப்பது பொது இயல்பு.

எல்லா வற்றலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஒரே சிவப்பாக எண்ணெய் மினுமினுப்போடு இருந்தால் ஐயுற வேண்டும். மிளகாயின் இயற்கை நிறம் நீரில் கரையாது. ஈரத் துணியால் துடைத்து, துணியில் சிவப்பு ஏறினால் அது மிளகாயின் நிறமன்று. மினுமினுப்புக்காகக் கனிம எண்ணெய் பூசுவது சட்டப்படி குற்றம். உணவுத் தர விதிகள் அதையும், சேர்க்கை நிறத்தையும் தடை செய்துள்ளன.

பொடியாக வாங்குவோர்க்கு இந்தச் சோதனைகளில் எதுவுமே கைகொடாது. தோலும் விதையும் காம்பும் சோடையும் ஒன்றாகி விட்ட பின் எதைக் கொண்டு படிப்பது? 2003-இல் இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பண்டங்களில் ‘சூடான்’ என்னும் தொழிற்சாலைச் சாயம் இருப்பதைப் பிரான்சு நாட்டில் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பா முழுவதும் கட்டுப்பாடு வந்தது. 2005-இல் பிரிட்டனில் அதே சாயம் கலந்த மிளகாய்ப் பொடியால் நூற்றுக்கணக்கான உணவுப் பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. சாயம் ஒளிந்துகொள்ளப் பொடியே வசதியான இடம். நம்பகமான பொட்டலப் பொடிகளும் உண்டு. அவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவை எல்லோர் நாவுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. நம் வீட்டு நாவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதே நாம் சொல்வது.

வீட்டுக்கு வந்த பின்

முதல் ஆண்டிலேயே மூன்று கிலோ வாங்கி இடித்து விட வேண்டாம். பியாடகி, சங்கேஸ்வரி, குண்டூர் மூன்றிலும் பாவ் கிலோ, அதாவது கால் கிலோ, வாங்கி, வெவ்வேறு அளவில் கலந்து, சிறிது சிறிதாக வீட்டு மிக்ஸியில் அரைத்துக் குழம்பு வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பங்கு சங்கேஸ்வரிக்கு ஒரு பங்கு பியாடகி என்பது தென்பாண்டிக் குழம்புக்கு ஒத்து வருகிறது. காரம் போதாதவர்கள் சங்கேஸ்வரியில் பாதியைக் குறைத்துக் குண்டூர் சேர்க்கலாம். தஞ்சைப் பக்கத்துச் சாம்பாருக்கு இரண்டு பங்கு பியாடகியும் ஒரு பங்கு குண்டூரும் போதும். ஊரில் அரைத்தவர் இன்னும் இருக்கிறார் என்றால், ஒரு சிறு பொட்டலத்தை அவருக்கு அனுப்பி வையுங்கள். இல்லையேல் அவரை இங்கே வரவழைத்துக் குழம்பை அவர் வாயில் இட்டுக் கேளுங்கள். ‘மல்லி போதாது’, ‘வற்றல் தீய்ந்திருக்கிறது’ என்று அவர் சொல்லும் இரண்டு சொற்கள் இந்தக் கட்டுரை முழுவதையும்விடப் பயன்படும். அவர் இருக்கும்போதே அளவைக் கேட்டு, படியும் ஆழாக்குமாக அவர் சொல்வதைக் கிராமில் நிறுத்து எழுதி வைத்துக்கொள்வது எல்லா வீடுகளிலும் உடனே செய்ய வேண்டிய காரியம்.

அடுக்குமாடி வீட்டில் மொட்டை மாடி கிடைக்காவிட்டால் கிழக்குப் பார்த்த பலகணி போதும். இரண்டு நாள் காலை வெயிலில், மெல்லிய துணியால் மூடிக் காய வைத்தால் சந்தை ஈரம் போய்விடும். நாள் கணக்கில் கடும் வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும். ஆறிய பின்னரே டப்பாவில் அடைக்க வேண்டும். மாவு மில்லில் அரைப்போர் தமக்கு முன் அரைத்தது என்ன என்று கேட்டு, மசாலாவுக்கென்றே தனியாக வைத்த எந்திரத்தில் கொடுப்பது நல்லது; கோதுமைச் சக்கியில் அரைத்தால் நம் பொடியில் மாவும், அடுத்தவர் சப்பாத்தியில் நம் காரமும் சேரும்!

மழை மாதங்களுக்காக ஒரு யோசனை. வற்றல் முழுவதையும் ஒரே முறையில் பொடிக்காமல், பாதியை முழு வற்றலாகவே காற்றுப் புகாத டப்பாவில் இட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, தீபாவளிக்கு முன் வெளியே எடுத்து இடித்தால் ஆண்டின் பின்பாதியிலும் மணம் குன்றாது. குளிரிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்காமல், அறையின் சூட்டுக்கு வரும் வரை மூடியே வைத்திருக்க வேண்டும்; இல்லாவிடில் வற்றல் வேர்த்து விடும். பொடி நிறைந்த பரணியில் மராத்தியப் பெண்கள் கட்டிப் பெருங்காயத் துண்டுகளை அடியிலும் மேலுமாகப் புதைத்து வைப்பார்கள். வண்டு அணுகுவதில்லை என்பார்கள். நம் குழம்புக்குப் பெருங்காய வாசனை பகையன்று. ஆகவே நாமும் தாராளமாகப் பின்பற்றலாம்.

இவ்விதழைப் பெறும் அன்பர்களில் மும்பையை விட்டு மாற்றலாகிச் சென்றவர்களும் உண்டு. தில்லிக்குச் சென்றோர் பழைய தில்லியில் ஃபதேபுரி மசூதியை அடுத்த காரீ பாவ்லி சந்தைக்குச் செல்லலாம். நாட்டின் பெரிய பலசரக்குச் சந்தைகளில் ஒன்று. குண்டூர் வற்றலும் அங்கே கிடைக்கும், ராஜஸ்தானத்து மதானியா வற்றலும் கிடைக்கும். வட நாட்டுக் கோடையில் வற்றல் எலும்பாக உலர்ந்து நொறுங்கும். ஆகவே அங்கே ஒடித்துப் பார்க்கும் சோதனையை விட்டு நிறத்தையும் மணத்தையும் நம்ப வேண்டும். அகமதாபாத் அன்பர்களுக்கு ரேஷம்பட்டி வாயிற்படியிலேயே இருக்கிறது. அதனோடு மூன்றில் ஒரு பங்கு குண்டூர் சேர்த்தால் குழம்புப் பொடிக்கு ஒத்து வரும்.

லால்பாக் செல்வோர் வார நாளில், காலை பத்து மணிக்குள் சென்று சேர்வது நல்லது. கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் ‘டங்க்’ முன் வரிசை நீண்டு விடும். இடித்த பொடி சூடாக இருக்கும்போது நெகிழிப் பையில் கட்டிவிடாமல், எடுத்துச் செல்லும் பாத்திரத்தின் வாயைத் துணியால் மட்டும் மூடிக் கொண்டு வந்து, வீட்டில் தாளில் பரப்பி ஆற விட வேண்டும். பாத்திரத்தை மறவாமல் கையோடு கொண்டு செல்லுங்கள்.